தூண்டில் சாமான் எங்கே மலிவு? எஸ்பியா, இணையமா, எல்லை தாண்டி ஹாட்யாயா?

கெட்டில்ஆறு

வணக்கம் எல்லாருக்கும். கெடா, குவாலா கெட்டில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். சின்ன வயதிலிருந்து கைத்தூண்டிலும் மூங்கில் கம்பும்தான் பழக்கம், புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் கெளுத்தியோ லம்பாமோ ஏதாவது கிடைக்கும், அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை. இப்போது அக்கா மகன் எஸ்பிஎம் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான், ரப்பர் தவளையை வீசி விரால் பிடிக்கிற வீடியோக்களை எனக்கும் காட்டிக் காட்டி இப்போது இரண்டு பேருக்குமே அதில் ஆசை வந்துவிட்டது. எங்கள் தோட்டத்து வாய்க்கால்களில் விரால் நிறைய இருக்கிறது, காலையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருவது கண்ணுக்கே தெரியும்.

இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு செட் வேண்டும். கம்பு, ரீல், கயிறு, கொஞ்சம் தவளை, எல்லாம் சேர்த்து 400 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடித்தாக வேண்டும், அதற்கு மேல் வீட்டில் நியாயம் சொல்ல முடியாது. டவுனில் இருக்கிற சாமான் கடையில் முள், ஈயம், தங்கூசி (நைலான் கயிறு) எல்லாம் உண்டு, ரீல் என்றால் கண்ணாடி அலமாரியில் ரொம்ப நாளாகத் தூசி படிந்து நாலைந்து கிடக்கிறது. சுங்கை பட்டாணி (எஸ்பி) போனால் பெரிய கடைகள் இருக்கின்றன, ஆனால் ஒரே மாதிரி ரீலுக்கு இரண்டு கடையில் இரண்டு விலை சொல்கிறார்கள். கூட வேலை செய்கிறவர் ஒருவர் தாய்லாந்தில் இருக்கிற ஹாட்யாய் போனால் பாதி விலை, ஒரு தடவை போய் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார். அக்கா மகனோ இணையத்தில், ஷோப்பியில் எல்லாமே அதைவிட மலிவு என்கிறான், எனக்குக் கையில் தொட்டுப் பார்க்காமல் வாங்கப் பயமாக இருக்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையிலேயே எல்லை தாண்டிப் போவது கட்டுப்படியாகுமா?

எஸ்பி தூண்டில்காரன்

தம்பி, நான் சுங்கை பட்டாணிதான், இந்த விலை விஷயத்தில் ரொம்ப வருடமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஆள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தூண்டில் சாமான் எல்லாவற்றுக்கும் மலிவான இடம் என்று ஒன்று கிடையாது. ரீலுக்கு ஒரு இடம், தவளைக்கு ஒரு இடம், முள்ளுக்கும் ஈயத்துக்கும் இன்னொரு இடம். ஹாட்யாயில் பாதி விலை என்று உங்கள் நண்பர் சொன்னது எதைப் பற்றி என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு தவளையோ ஒரு லூரோ (செயற்கை இரை) வாங்கிய கணக்காகத்தான் இருக்கும். அதை வைத்து ரீலும் பாதி விலை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினால் ஏமாற்றம்தான்.

ஷிமானோ ரீலையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஜப்பான், ஆனால் ஜொகூர் பொந்தியானில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது, கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எத்தனையோ ரீலில் மலேசியாவில் தயாரித்தது என்றே அச்சடித்திருக்கும். நான் விசாரித்த வரையில் ஆரம்ப ரக ரீல்களுக்கு அங்கேயும் இங்கேயும் விலை பெரிதாக விலகுவதில்லை, சில மாடல் அங்கே கொஞ்சம் குறைவு, சில மாடல் இங்கே குறைவு. ஆனால் இங்கே வாங்கினால் உள்ளூர் ஏஜெண்டின் உத்தரவாத அட்டையோடு வரும், ஆறு மாதத்தில் உள்ளே கரகரவென்று சத்தம் வந்தால் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அந்தப் பக்கம் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு இங்கே எந்தக் கடைக்குப் போவீர்கள்?

அப்புறம் பயணச் செலவு. கெட்டிலிலிருந்து ஹாட்யாய் போய்ச் சேர ஒரு வழிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். எண்ணெய், டோல், காருக்குத் தாய்லாந்து இன்சூரன்ஸ், இரண்டு பேர் சாப்பாடு, எல்லாம் சேர்த்தால் நூறு வெள்ளிக்குக் குறையாது. உங்கள் கையில் இருப்பதே 400. அதில் கால்வாசியை ரோட்டில் போட்டுவிட்டு மீதி 300-க்குச் சாமான் வாங்கினால், அங்கே எல்லாமே கால்வாசி மலிவாக இருந்தால்தான் சரிக்குச் சரி வரும். அப்படி இருக்காது.

செட் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்து வாய்க்கால் விராலுக்குப் பெரிய சாமான் தேவையில்லை. ஆறரை அடியை ஒட்டிய கம்பு, 8-17 பவுண்டு என்று எழுதியிருப்பது போதும். ஷிமானோ என்றால் 2500 அளவு ரீல், டைவா எல்டி என்றால் 2500 அல்லது 3000. கயிறு 30 பவுண்டு பிரெய்டட் (இழைகளைப் பின்னியது), முன்னால் 40 பவுண்டு லீடர் (நுனியில் கட்டுகிற துண்டுக் கயிறு) ஒரு முழம். புல்லுக்குள்ளே ஓடுகிற மீனை இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும், அதனால்தான் மீனின் எடைக்குத் தேவையானதைவிடத் தடித்த கயிறு. ரீல் நூறு வெள்ளியை ஒட்டி, கம்பு அறுபது எழுபது, கயிறு முப்பது என்று பார்த்தால் ஒரு செட் 200 வெள்ளிக்குள் எஸ்பியிலேயே முடிந்துவிடும்.

இரண்டு கடையில் இரண்டு விலை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் பல சமயம் ஒரு கடைக்காரர் ஏஜெண்ட் வழியாக வந்த செட்டை வைத்திருப்பார், இன்னொருவர் நேரடியாக வெளியிலிருந்து தருவித்ததை வைத்திருப்பார், இரண்டும் அசல்தான், ஆனால் இரண்டாவதற்கு உத்தரவாத அட்டை இருக்காது. விலையைக் கேட்கும்போதே அட்டை உண்டா என்று கேட்டுவிடுங்கள். அட்டை இல்லாததற்கு நல்ல விலைக் குறைப்பு இருந்தால் அதுவும் தவறில்லை, பதினைந்து வெள்ளிதான் குறைவு என்றால் அட்டை உள்ளதையே எடுங்கள்.

தோமான்வேட்டை

அண்ணன் சொன்னதில் உத்தரவாதம் சரி, செலவுக் கணக்கும் சரி. ஆனால் பொந்தியான் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கே செய்தது என்பதற்கும் கடையில் விற்கிற விலைக்கும் சம்பந்தம் குறைவு. டைவாவுக்குத் தாய்லாந்தில் தொழிற்சாலை இருக்கிறது, அதனால் ஹாட்யாய் கடைகளில் டைவா ரீல் அள்ளிக் கொடுக்கிற விலையா என்றால் இல்லை. ஏஜெண்ட் வைக்கிற விலைதான் விலை.

நான் ஹாட்யாய் அடிக்கடி போகிறவன், சாமானுக்காக மட்டும் போவதில்லை. அங்கே போனால் கட்டாயம் வாங்க வேண்டியது தவளைதான். விராலுக்கும் தோமானுக்கும் (பெரிய விரால் வகை) மேல்தண்ணீரில் இழுக்கிற தவளை லூர் செய்வதில் தாய்லாந்துக்காரர்களை அடிக்க ஆளில்லை. அங்கே இது ஒரு குடிசைத் தொழில் மாதிரி, வீட்டிலேயே கடைந்து, வர்ணம் பூசி, முள் கோத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊர் விரால் பிடிக்கிறவர்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள், பாதிக்கு மேல் அங்கிருந்து வந்ததாக இருக்கும். அங்கே நூறு, நூற்றிருபது பாட்டுக்குக் கிடைக்கிற தவளை இங்கே கடைக்கு வரும்போது இருபது வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. 100 பாட் என்பது ஏறக்குறைய 13 வெள்ளி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாங்குகிறவருக்கு இது பெரிய வித்தியாசமில்லை. புல்லிலும் கட்டையிலும் மாட்டி வாரம் ஒன்று தொலைக்கிற எங்களுக்கு இதுதான் பெரிய செலவு.

தவளை வாங்கும்போது பூச்சை நகத்தால் அழுத்திப் பாருங்கள், மெல்லிய பூச்சாக இருந்தால் நாலு தடவை கட்டையில் மோதியதும் வெடித்து உள்ளே தண்ணீர் ஏறிவிடும், அப்புறம் மிதக்கிற விதமே மாறிவிடும். முள் கூராக இருக்கிறதா, இரண்டு முள்ளும் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். விலகி நின்றால் வீசுகிற இடமெல்லாம் புல்லை வாரிக்கொண்டு வரும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் செய்துவிடலாம், இலவசம். காசு கேட்கிற இணையப் பக்கம் வந்தால் மூடிவிடுங்கள், அது அரசாங்கத்துடையது இல்லை. கார் கொண்டுபோனால் கிராண்ட் (வாகனப் பதிவுச் சான்று) கையில் இருக்கட்டும், கார் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். கெடாவில் வெள்ளி சனி விடுமுறை என்பதால் வியாழன் சாயங்காலமே புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் வண்டிகள் சேர ஆரம்பித்துவிடும், பள்ளி விடுமுறை என்றால் சொல்லவே வேண்டாம். அந்தப் பக்கம் நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், திரும்பும்போது கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கார் வேண்டாம் என்றால் சுங்கை பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறினால் பாடாங் பெசார் வரை போகும். அந்த நிலையத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் இருக்கிறது, முத்திரை குத்திக்கொண்டு ஹாட்யாய் போகிற தாய்லாந்து ரயிலில் ஏறிவிடலாம். ஆனால் அந்த ரயில் ஒரு நாளைக்குக் கொஞ்ச தடவைதான், நேரம் பார்த்துப் போக வேண்டும். ஒரே துண்டாக இருக்கிற கம்பை ரயிலில் கொண்டுவருவது பெரிய பாடு, இரண்டு துண்டுக் கம்பு என்றால் பரவாயில்லை.

பணம் மாற்ற வரிசையில் நிற்கத் தேவையில்லை, 2021-லிருந்து நம் டுயிட்நவ் கட்டண முறை அவர்களுடைய ப்ராம்ட்பே கியூஆர் முறையோடு இணைந்திருக்கிறது, உங்கள் வங்கிச் செயலி அதில் சேர்ந்திருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைக்குக் கொஞ்சம் பாட் நோட்டு கையில் இருப்பது நல்லது.

இன்னொன்று, 7 விழுக்காடு வாட் வரியைத் திருப்பி வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், அதுவும் விமான நிலையம் வழியாக வெளியேறுகிறவர்களுக்குத்தான். சாடாவ் எல்லை வழியாகக் காரில் திரும்புகிற நமக்கு அது கிடையாது, அதை விலைக்குறைப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாடாங்செராய் அக்கா

தம்பி, எல்லாரும் ரீலையும் ஹாட்யாயையும் பேசுகிறார்கள். நான் குளத்துத் தூண்டில்காரி, வீட்டுக்காரரும் நானும் ரோகு குளத்துக்குப் போவோம், வாய்க்காலுக்கும் போவோம். செலவு எங்கே போகிறது என்று பார்த்தால் சில்லறைச் சாமானில்தான் போகிறது. ரீல் ஒரு தடவை வாங்கினால் வருடக் கணக்கில் ஓடும். முள், ஈயம், ஸ்விவல், லீடர், இதெல்லாம் மாதா மாதம். சின்னப் பாக்கெட்டில் ஐந்தாறு முள் வாங்குவதைவிட நூறு முள் உள்ள பெட்டியாக வாங்கி நாலு பேர் பிரித்துக்கொண்டால் ஒரு முள்ளின் விலை ரொம்பக் குறைந்துவிடும். உங்கள் தோட்டத்திலேயே தூண்டில் போடுகிற ஆட்கள் இல்லாமலா இருப்பார்கள், அவர்களோடு சேர்ந்து வாங்குங்கள்.

டவுன் கடையை ஒதுக்காதீர்கள். முள்ளும் ஈயமும் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், அதற்காக எஸ்பி வரை எண்ணெய் செலவு செய்ய வேண்டாம். ஆனால் தங்கூசியை மட்டும் வெளியே வெயில் படுகிற இடத்தில் தொங்கவிட்டிருக்கிற சுருளிலிருந்து எடுக்காதீர்கள். நைலான் வெயிலில் கிடந்தால் பலம் போய்விடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள், ஒரு முழம் இழுத்து முடிச்சுப் போட்டுப் பட்டென்று இழுத்துப் பாருங்கள், எழுதியிருக்கிற பவுண்டுக்கு அது சுலபமாக அறக் கூடாது. தவுக்கே (கடை முதலாளி) ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், நம் பக்கத்துத் தவுக்கேக்கள் பாதிப் பேர் அவர்களே தூண்டில் போடுகிறவர்கள்.

ரீலும் கயிறும் ஒரே கடையில் வாங்கினால் கயிறு சுற்றிக் கொடுக்கக் காசு வாங்க மாட்டார்கள், கேட்டால் ஒரு பாக்கெட் ஸ்னாப்போ லீடரோ சேர்த்துக் கொடுப்பார்கள். விலையைக் குறைக்கச் சொல்வதைவிட இதைக் கேட்பது சுலபம். இரண்டு செட் ஒன்றாக வாங்குகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஐம்பது வெள்ளிக்குக் கம்பும் ரீலும் கயிறும் சேர்ந்த செட் தொங்கும். கெளுத்திக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க அது போதும், எங்கள் வீட்டிலும் பிள்ளைகளுக்கு வாங்கியது இருக்கிறது. தவளை வீசுவதற்கு வேண்டாம். காலையிலிருந்து நூறு தடவை இருநூறு தடவை வீச வேண்டிய வேலை அது, கனமான கம்பும் இறுகிச் சுற்றுகிற ரீலும் இருந்தால் மணிக்கட்டு போய்விடும்.

இரைக்கு மட்டும் காசு செலவு செய்யவே வேண்டாம். லம்பாமுக்கு நன்றாகப் பழுத்த செம்பனைப் பழத்தைவிட நல்ல இரை இல்லை, அது உங்கள் காலடியில் உதிர்ந்து கிடக்கிறது. கடையில் விற்கிற மாவு இரைக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு தவளை வாங்கலாம்.

பொந்தியான்காற்று

ஜொகூரிலிருந்து ஒரு வார்த்தை. எல்லை தாண்டினால் மலிவு என்பது எல்லா எல்லைக்கும் பொருந்தாது ப்ரோ. இங்கே எங்களுக்கு எல்லை என்றால் சிங்கப்பூர், அங்கே போய்த் தூண்டில் சாமான் வாங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை, அவர்கள்தான் பாலம் தாண்டி ஜொகூர் பாருவுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் என்றால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாமல் போகுமா. நம் ஊர்க் கடை விலை அவ்வளவு மோசம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பண்டல்பிரியன்

ஒருத்தரும் பண்டலைப் பற்றிச் சொல்லவில்லையே. ஜப்பானில் பயன்படுத்திய கம்பு, ரீல் எல்லாம் மொத்தமாக இங்கே வந்து இறங்குகிறது. முகநூலில் பண்டல் ரீல் என்று தேடினால் குழு குழுவாக இருக்கும், கடைகளும் இருக்கின்றன. புதிதாக ஐந்நூறு வெள்ளி விற்ற ரீல் நாலைந்து வருடப் பழசாக அதில் பாதிக்குக் கீழே கிடைக்கும். ஜப்பான்காரர்கள் சாமானைக் கழுவித் துடைத்து வைக்கிற ஜாதி, பார்த்து எடுத்தால் ஏமாற்றம் இருக்காது. என் கருத்து, நூறு வெள்ளி புது ரீலைவிட நூறு வெள்ளி பண்டல் ரீல் நன்றாகவே சுற்றும்.

ஆனால் பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும். ரீலைக் காதோடு வைத்து மெதுவாகக் கைப்பிடியைச் சுற்றுங்கள், மணல் அரைபடுகிற மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள். சுற்றிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நிறுத்திப் பின்னால் தள்ளிப் பாருங்கள், கைப்பிடி பின்வாங்கக் கூடாது. கயிறு ஓடுகிற சின்ன உருளை சுழல்கிறதா, ஸ்பூல் (கயிறு சுற்றியிருக்கிற பகுதி) விளிம்பில் வெட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், அந்த வெட்டு புதுக் கயிற்றை ஒரே நாளில் பிய்த்துவிடும். கம்பில் வளையங்கள்தான் முக்கியம். காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் அந்தக் கம்பை எடுக்காதீர்கள், பிரெய்டட் கயிறு அதில் உரசி உரசி அறுந்துவிடும்.

ரொம்பப் பழைய மாடல் வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்தால் மாற்று உறுப்பு கிடைக்காது. போஸ்டில் வாங்காமல் நேரில் போய் வாங்குங்கள், பண்டலில் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கிடையாது.

கெட்டில்ஆறு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. வீட்டில் படித்துக் காட்டினேன், ஹாட்யாய் யோசனையை இப்போதைக்கு விட்டுவிட்டோம். ரீல் இரண்டும் எஸ்பியில் புதிதாகவே அட்டையோடு எடுத்துவிடலாம், கம்பில் ஒன்று பண்டலில் பார்க்கலாம் என்று முடிவு. அக்கா சொன்ன மாதிரி முள்ளுக்கு இங்கேயே ஆள் சேர்த்துவிட்டேன், தோட்டத்தில் மூன்று பேர் காசு தருகிறேன் என்றார்கள்.

இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது. ஒன்று, எங்களுக்கு ஹாட்யாயைவிடத் தாய்லாந்தின் பெத்தோங் பக்கம், பாலிங் போய் பெங்காலான் ஹுலு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். தவளை மட்டும் வாங்க அங்கே போகலாமா? இரண்டாவது, அக்கா மகன் பிரெய்டட் கயிறு மட்டுமாவது ஷோப்பியில் வாங்கலாம் என்று பிடிவாதமாக நிற்கிறான். எட்டு இழை, 300 மீட்டர், இருபது வெள்ளிக்கும் குறைவாகக் காட்டுகிறான். கடையில் அதே நீளம் இரண்டு மடங்குக்கு மேல். அது சரியாக இருக்குமா?

தோமான்வேட்டை

அண்ணே, உங்களுக்குப் பெத்தோங் பக்கம் என்பது உண்மைதான், எல்லையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் டவுன் வந்துவிடும். ஆனால் அது சின்ன ஊர், ஹாட்யாய் மாதிரி கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுக்க முடியாது. குடும்பத்தோடு கோழிச் சோறு சாப்பிட்டு, அந்தப் பெரிய தபால் பெட்டிக்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு பயணம் போட்டால் போகிற வழியில் தவளை பார்த்து வாங்குங்கள், தவளைக்காகவே போகாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஹாட்யாய் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்புவதுதான் சரி. நம் பக்கத்தில் மாதத்தில் யாராவது ஒருத்தர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்த நிறம், எந்த அளவு என்று படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஆளுக்கு ஐந்து தவளை கொண்டுவந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பில் மட்டும் பையில் இருக்கட்டும். விற்பதற்காக ஐம்பது நூறு என்று பெட்டியாகக் கொண்டுவந்தால் சுங்கத்துறையில் நிறுத்துவார்கள், அது நியாயமும்கூட. முதல் தடவைக்கு ஒரு கறுப்பு, ஒரு பச்சை போதும். தண்ணீர் கலங்கியிருந்தால் கறுப்பை எடுங்கள், மீனுக்கு நிழல் நன்றாகத் தெரியும்.

எஸ்பி தூண்டில்காரன்

கயிறு விஷயத்துக்கு நான் சொல்கிறேன். ஷோப்பி என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், நானே லீடர், ஸ்னாப், ஈயம் வைக்கிற பெட்டி எல்லாம் அங்கே வாங்குகிறேன், கம்பெனியின் சொந்தக் கடையாக இருந்தால் ரீலும் வாங்கலாம், 11.11 (நவம்பர் 11 தள்ளுபடி) மாதிரி நாட்களில் வவுச்சரோடு சேர்த்தால் எஸ்பி கடை விலையைவிடக் குறைவாகவே வரும். ஆனால் பிரெய்டட் கயிற்றில் மட்டும் பெயர் தெரியாத கம்பெனியை நம்பாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். ஜப்பான் தரத்தில் கயிற்றின் தடிமனை பிஇ என்ற எண்ணால் சொல்வார்கள், பிஇ 1 என்றால் 200 டெனியர் (இழையின் கன அளவு) என்று ஒரு கணக்கு இருக்கிறது, பிஇ 2 என்றால் அதில் இரண்டு மடங்கு. பெயருள்ள ஜப்பான் கம்பெனிகள் அதை ஒட்டித்தான் எழுதுகின்றன. பெயரில்லாத சுருளில் 30 பவுண்டு என்று எழுதியிருக்கும், கையில் எடுத்தால் பிஇ 4 தடிமன் இருக்கும், அது 30 பவுண்டைத் தாங்கும்தான், ஆனால் உங்கள் 2500 ரீலில் பாதிக் கயிறுகூடப் போகாது, வீசினால் தூரமும் போகாது. இல்லையென்றால் மெல்லியதாக இருக்கும், எழுதிய பவுண்டில் பாதிக்கே அறுந்துவிடும். எட்டு இழை என்று போட்டு நாலு இழை வருவதும் உண்டு, நுனியை நகத்தால் பிரித்து எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மீன் நிறுக்கிற தொங்கு தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள்.

விலையிலும் ஒன்றைக் கவனியுங்கள். விற்கிறவர் வெளிநாட்டில் இருந்தால், 500 வெள்ளிக்குக் கீழே உள்ள பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பட்டியலில் பார்க்கிற விலையை விட்டுவிட்டுக் கட்டணப் பக்கம் வரை போய்க் கடைசித் தொகையைப் பாருங்கள், அனுப்புகிற கூலியும் அதில்தான் தெரியும். விற்பனையாளர் எங்கிருந்து அனுப்புகிறார் என்று கீழே எழுதியிருக்கும், உள்நாடு என்றால் திருப்பி அனுப்புவதும் சுலபம்.

மருமகனுக்கு ஒரு வழி சொல்லுங்கள். விரால் பிடிக்க 300 மீட்டர் கயிறு யாருக்கும் வேண்டாம். வாய்க்காலில் நாம் வீசுகிற தூரம் இருபது முப்பது மீட்டர்தான். அடியில் பழைய தங்கூசியைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மேலே நல்ல கயிறு 75 மீட்டர் போட்டால் தாராளம். அப்படியென்றால் 150 மீட்டர் சுருள் ஒன்றே உங்கள் இரண்டு ரீலுக்கும் ஆகிவிடும், பெயருள்ள கம்பெனிக் கயிறே ஆளுக்குப் பாதிச் செலவில் வந்துவிடுகிறது. அடியில் தங்கூசி போடுவதால் பிரெய்டட் ஸ்பூலில் வழுக்கிச் சுழலாது, அதுவும் ஒரு நன்மை.

நுனி தேய்ந்துவிட்டது என்றால் கயிற்றைத் தூக்கிப் போடாதீர்கள், அவிழ்த்துத் தலைகீழாகச் சுற்றிவிட்டால் உள்ளே இருந்த புதுப் பக்கம் வெளியே வந்துவிடும்.

கடைக்குப் போகும்போது கம்பையும் கூட எடுத்துப் போங்கள், பண்டல் கம்பு என்றால் ரீல் அதில் சரியாக உட்காருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். கயிறு சுற்றும்போது விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்றச் சொல்லுங்கள், தளர்வாகச் சுற்றினால் முதல் நாளே கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். ஸ்பூல் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டு நிறுத்தினால் போதும்.